ட்ரொம்போன்காரியைப் பார்க்கப் போனோம்

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது, பாரிஸ் புறநகரான செவ்ரானில் நகரசபை நடத்தும் இசைப்பள்ளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். பியானோ வகுப்பில் இடமில்லை. வயலினிலும் இடமில்லை. ட்ரொம்போனில் மட்டும் இருக்கிறது என்று அலுவலகத்தில் இருந்த பெண் சொன்னார். அப்படியொரு வாத்தியம் இருப்பதே எனக்கோ என் கணவருக்கோ தெரியாது. அந்தப் பெண் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். நீளமான பித்தளைக் குழாய். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து ஊத வேண்டும்.

"இதைப் பொம்பிளைப் பிள்ளையள் ஊதுவினமோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பிள்ளைக்குப் பிடிச்சுப்போச்சு. பதிவம்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் சின்ன வீட்டில் இன்னொரு ஆள் வந்து குடியேறியது போலத்தான் இருந்தது. கறுப்புப் பெட்டியில் வைத்தால் அவளைவிட அது உயரமாக நின்றது. புதன்கிழமை என் கணவருக்கு லீவு. அவர்தான் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளை வகுப்புக்குக் கூட்டிப் போவார். வகுப்பு முடியும்வரை வெளியே வாங்கில் இருப்பார். கீழ்வீட்டுக்காரர் முதல் வருடம் முழுக்கச் சுவரில் தட்டினார். இரண்டாம் வருடம் தட்டுவதை விட்டார். பிறகு ஒருநாள் படியில் என்னை மறித்து, உங்கள் மகள் இப்போது நன்றாக வாசிக்கிறாள் என்றார். அதைக் கணவரிடம் சொன்னேன். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் அப்படித்தான். அதிகம் கதைக்காதவர். பாரிஸின் வடக்கு ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர். நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். காலையில் ஒன்றாக ரெயிலேறி, ஒன்றாக இறங்கி, நான் பாலத்துக்கு அந்தப் பக்கமும் அவர் இந்தப் பக்கமுமாகப் பிரிவோம். 2009இல் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு அவர் செய்தி பார்ப்பதையும் விட்டுவிட்டார். வீட்டில் கேட்கும் பெரிய சத்தமென்றால் ட்ரொம்போன் சத்தம்தான்.

அதற்கடுத்த வருடம் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதுவரை அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு இருந்தவர்கள், கையில் பாஸ்போர்ட் வந்தும் பெரிதாக எங்கும் போகவில்லை. சாமான் கட்டி ஊர் பார்க்கப் போகும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

பிறகு மகள் சென் தெனி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தாள். மூன்றாம் வருடத்தை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். எங்களோடு அவள் எப்போதும் பிரெஞ்சில்தான் கதைப்பாள். நாங்கள் தமிழில் பதில் சொல்வோம்.

"எந்தப் பக்கம்? நியூயோர்க்கோ?" என்று கேட்டேன்.

நியூயோர்க் இல்லை. சிக்காகோவில் இறங்கி, பஸ்ஸில் பல மணித்தியாலம் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். ஊரைச் சுற்றிச் சோளத் தோட்டம். ஊருக்கு நடுவில் பல்கலைக்கழகம்.

அவள் போய் ஒரு மாதத்தில் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கருஞ்சிவப்புச் சட்டை, தோளில் தங்கநிறக் குஞ்சம், வெள்ளை இறகு வைத்த உயரமான தொப்பி. கையில் ட்ரொம்போன். அங்கே பல்கலைக்கழகத்துக்குப் பெரிய அணிவகுப்பு வாத்தியக் குழு ஒன்று இருக்கிறதாம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பார்களாம். இவளையும் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். "பிள்ளை பொலிசிலை சேர்ந்திட்டாவோ அக்கா?" என்று கேட்டார்.

கணவர் அந்தப் படத்தை நிறைய நேரம் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"முதலாளியிட்டை ரெண்டு கிழமை லீவு கேட்டனான். தாறன் எண்டிட்டார். நீரும் கேளும்."

"எங்கை போறதுக்கு?"

"பிள்ளை ஊதுறதைப் பார்க்கத்தான்."

2014ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் போனோம். சிக்காகோவில் ஒரு நாள் நின்றோம். கட்டிடங்களைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து நொந்துவிட்டது. தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ரெயில் போவதைக் கண்டதும் கணவர் நின்றுவிட்டார்.

"இஞ்சை பாரும், லா சப்பல் மெத்ரோ மாதிரியே கிடக்கு" என்றார்.

ஏரிக்கரைக்குப் போனோம். அலை அடித்தது. மறுகரை தெரியவில்லை. கடல் என்றே நினைத்தேன். ஆனால் உப்பு மணம் இல்லை. "மணமில்லாத கடல்" என்றார் அவர். அன்று அவர் வழக்கத்தைவிட அதிகம் கதைத்தார் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

மறுநாள் பஸ்ஸேறி மகளின் ஊருக்குப் போனோம். அறுவடை முடிந்த சோள வயல் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தது. ஊரில் தண்ணீர்த் தாங்கியில் கருஞ்சிவப்பு நிறம். வங்கியில், பல் வைத்தியரின் கண்ணாடிக் கதவில், தேவாலயத்துக்கு முன்னால் நட்ட கம்பத்தில் எல்லாம் அதே கருஞ்சிவப்புக் கொடி. எலெக்சன் நடக்கிறதோ என்று மகளைக் கேட்டேன். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சிரித்தாள்.

அவள் ஓர் அமெரிக்கப் பெண்ணின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நல்ல உயரம். பல் வைத்தியரிடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. எங்களுக்கும் கீழ் அறையை ஒழுங்குபண்ணி வைத்திருந்தார். என்னுடைய பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் மகளின் மொழிபெயர்ப்புமாக நாங்கள் கதைத்தோம். அவரும் கணவரும் கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அந்த அணியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிட்டதில்லையாம். ஊரில் நடந்தாலும் சரி, வெளியூரில் நடந்தாலும் சரி, காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். கணவர் போன பிறகு வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் போவதில்லை. உள்ளூர் மைதானத்தில் மட்டும் பழைய இரண்டு இருக்கைகளையும் விடாமல் வைத்திருந்தார். அதில் ஒன்றை எங்களுக்குத் தந்து, பக்கத்தில் இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை அந்தச் சின்ன ஊர் நிரம்பிவிட்டது. வீட்டு முற்றத்துப் புல்லெல்லாம் கார். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். தெரியாதவர்களெல்லாம் எங்களுக்குச் சாப்பாடு நீட்டினார்கள். கணவர் ஓர் அடுப்புக்காரரின் பக்கத்தில் நின்று, இறைச்சியை எப்போது திருப்புகிறார் என்று கவனமாகப் பார்த்தார். தலையில் அந்த அம்மா கொடுத்த கருஞ்சிவப்புத் தொப்பி.

மைதானத்துக்குள் போனபோது எனக்கு மூச்சு முட்டியது. அத்தனை சனத்தை நான் தேருக்குக்கூடக் கண்டதில்லை. கீழே புல்லில் வாத்தியக் குழு வந்து அணிவகுத்து நின்றது. எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. நான் மகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தேசிய கீதம் வாசிக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் எழும்பி நின்றோம்.

கீதம் முடிகிற நேரம், எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் எழும்பியது. நான் திரும்பிப் பார்க்குமுன் என் தலையை ஒரு கை அமர்த்தியது. கணவர் என்னை இழுத்து வாங்குக்குக் கீழே, சீமெந்துத் தரையில் விழுத்திவிட்டார். எனக்கு மேலே அவர் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை என் தலைக்கு மேல். மற்றக் கையால் என் காதைப் பொத்தியிருந்தார். போர் விமானங்கள் மைதானத்துக்கு மேலே தாழப் பறந்து போயின. சத்தம் நெஞ்சுக்குள் புகுந்து வெளியே போனது. அதற்குப் பிறகு சனம் கைதட்டி ஆரவாரம் செய்தது கேட்டது. அது மரியாதைக்குச் செய்கிற பறப்பாம். ஆட்டத்துக்கு முன் அங்கே அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும்?

"போட்டுது அப்பா, எழும்புங்கோ. போட்டுது" என்றேன். போய்விட்டது என்று சொல்ல நினைத்தேன். ஊரில் குண்டு போட்ட பிறகு சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது.

அவர் எழும்பவில்லை. அவருடைய இதயம் என் முதுகில் அடித்தது.

சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். யாரோ வைத்தியரைக் கூப்பிடச் சொன்னார்கள். அப்போது அந்த அமெரிக்க அம்மா ஒன்றும் கேட்காமல், தானும் கீழே இறங்கி எங்களுக்குப் பக்கத்தில் சீமெந்தில் உட்கார்ந்தார். நல்ல காற்சட்டை போட்டிருந்தார். தரையில் குடிபானம் சிந்திக் கிடந்தது. முழங்காலை மடக்கிக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஆட்களின் பார்வை எங்கள்மேல் விழாதபடி இருந்துகொண்டார். கணவர் எழும்பும்வரை அந்த அம்மாவும் எழும்பவில்லை.

எழும்பியதும் கணவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று படியிறங்கினார். திரும்பி வரவில்லை. நான் தேடிப் போனேன். கார்கள் நிறுத்தியிருந்த புல்வெளியில், அணைந்த அடுப்புகளுக்கு நடுவில், யாரோ விட்டுப்போன மடக்குக் கதிரையில் இருந்தார்.

"நீர் போய்ப் பாரும். பிள்ளை தேடுவாள்" என்றார்.

"நீங்களும் வாங்கோ."

"என்னாலை ஏலாது."

நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். இடைவேளையில் வாத்தியக் குழு வாசித்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டோம். அத்தனை வாத்தியங்களுக்குள் எது அவளுடையது என்று யாரால் சொல்ல முடியும்? அவர் மட்டும் தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து மகள் ஓடி வந்தாள். தொப்பி கழற்றியதில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தீர்களா, நான் கையசைத்தேனே என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, பார்த்தனாங்கள். வடிவாய்ச் செய்தாய்" என்றார் கணவர்.

எந்தப் பக்கம் நின்றேன் என்று கேட்டாள். அவர் இடது பக்கம் என்றார். அவள் முகம் மாறியது. வலது பக்கத்தில் நின்றிருக்கிறாள். எங்கள் இருக்கைகளுக்கு நேர் கீழே. ஏறிட்டுப் பார்த்தபோது இரண்டு இருக்கைகள் வெறுமையாக இருந்ததைக் கண்டிருக்கிறாள். இருந்தும், ஒருவேளை வேறெங்காவது நின்று பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று மெல்லிய குரலில் சொன்னாள். வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா தேவாலயத்துக்குப் போனார். போகுமுன் மேசையில் கோப்பியும் அப்பம் போன்ற பான்கேக்குமாக மூன்று பேருக்கு எடுத்து வைத்துவிட்டு, மத்தியானம்தான் வருவேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, தகப்பனுக்கு எதிரே இருந்தாள். கணவர் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நேற்று நான் உனக்குப் பொய் சொன்னனான்" என்றார்.

தெரியும் என்றாள் அவள். ஏன் என்றுதான் தெரியவில்லை என்றாள்.

"பிளேன் வந்ததெல்லோ."

அவளுக்கு விளங்கவில்லை. எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்படுகிற விஷயம் அது என்றாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை, அவருடைய மனைவியாக இருபது வருடத்துக்கு மேல் இருந்த நானும் அன்றுதான் கேட்டேன். பொம்மர் விமானம் வந்து குண்டு போட்ட கதைகள் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

"எங்கடை வளவுக்குள்ளை ஒரு பங்கர் வெட்டினனாங்கள். நானும் பக்கத்து வீட்டுப் பெடியனும்தான் வெட்டினது. என்ர வகுப்பு. எந்தநாளும் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் திரியிறது. அண்டைக்குக் கடைக்குப் போட்டு வாறம், பொம்மர் சத்தம் கேக்குது. நான் சைக்கிளை றோட்டிலை போட்டிட்டு ஓடிப்போய்க் குதிச்சிட்டன். அவன்ர சைக்கிள் புதுசு. தமையன் வாங்கி அனுப்பினது. அதைக் கீழை போட அவனுக்கு மனம் வரேல்லை. மதிலிலை சாத்தி வைச்சிட்டு வந்தவன்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

வந்து சேர்ந்தாரா என்று மகள் கேட்டாள்.

"இல்லை."

அவருக்கு என்ன வயது என்று கேட்டாள்.

"உன்ர வயசிலும் பார்க்கக் குறைவு."

வெளியே யாரோ புல்லில் விழுந்த இலைகளைக் கூட்டும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் புர்ஜே, என்றாள் மகள்.

செவ்ரானுக்குப் பக்கத்தில்தான் புர்ஜே. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஜூன் மாதத்தில் அங்கே விமானக் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் போர் விமானங்கள் எங்கள் கட்டிடத்துக்கு மேலால் குட்டிக்கரணம் அடித்துப் போகும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. சின்ன வயதில் மகள் பால்கனியில் நின்று, தன்னைத் தோளில் தூக்கிக் காட்டச் சொல்லி அப்பாவை இழுப்பாள். அவர் எப்படியோ அந்தக் கிழமை முழுக்க அதிக வேலை எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போய்விடுவார். அவர் ஏன் போகிறார் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அப்பாவுக்கு என்னோடு விளையாட நேரமில்லை என்று அவள் பள்ளிக்கூடத்தில் எழுதியதுகூட உண்டு.

நான் உங்களைப் பால்கனிக்கு இழுத்தேனே, ஒவ்வொரு முறையும் இழுத்தேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு அது விருப்பமாய் இருந்தது. அதை நான் ஏன் கெடுப்பான்?"

அவள் எழும்பி மேசையைச் சுற்றி வந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் பிரெஞ்சில் ஆறுதல் சொல்லவில்லை. அவள் தமிழில் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவரும் அவரவர் பாஷையில்தான் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பியைச் சூடாக்கப் போய்விட்டேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை, அடுத்த ஆட்டம் வேறொரு பல்கலைக்கழக ஊரில் என்று மகள் சொன்னாள். காரில் ஒரு நாள் ஓட்டம். வாத்தியக் குழு பஸ்ஸில் போகிறது. நீங்கள் வர வேண்டாம், இங்கே வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பாருங்கள் என்றாள்.

அமெரிக்க அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"என் கணவர் போன பிறகு நான் வெளியூர் ஆட்டத்துக்குக் கார் எடுத்ததில்லை. பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்ட மனம் வரவில்லை. நீங்கள் வந்தால் நானும் போவேன்" என்றார்.

மகள் மொழிபெயர்த்தாள். கணவர் யோசித்தார்.

"அங்கையும் பிளேன் விடுவினமோ எண்டு கேள்" என்றார்.

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. மகள் குழுப் பொறுப்பாளரிடம் விசாரித்துக்கொண்டு மறுநாள் வந்தாள். விமானம் இல்லை. ஆனால், என்று இழுத்தாள். அந்த மைதானத்தில் ஒரு பீரங்கி இருக்கிறது. அந்த ஊர் அணி ஓடிப்போய் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும்போதெல்லாம் குண்டு இல்லாமல் வெறும் வெடிமருந்து வைத்துச் சுடுவார்கள்.

"பீரங்கியோ?" என்றார் கணவர். இவர்களுக்கு ஒரு பந்து விளையாட எத்தனை ஆயுதம் வேண்டும் என்று கேட்டார். பிறகு, "எங்கடை ஆக்கள் புள்ளி எடுத்தால் சுடுவினமோ?" என்றார்.

இல்லை, அவர்கள் எடுத்தால் மட்டும்தான்.

"அப்ப சரி. அவையளை எடுக்க விடாமப் பார்க்கச் சொல்லு" என்றார். எனக்கும் மகளுக்கும் அடக்க முடியாத சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவிடம் ஆட்டத்தின் விதிகளைக் கேட்கத் தொடங்கினார். மூன்று நாள் அந்த மேசையில் உப்புப் போத்தலும் மிளகுப் போத்தலும் கரண்டிகளும் ஆட்டக்காரர்களாக நின்றன. யார் யாரை மறிக்க வேண்டும், எப்போது பந்தை எறிய வேண்டும் என்று அந்த அம்மா நகர்த்தி நகர்த்திக் காட்டினார். மொழிபெயர்க்க மகள் இல்லாத நேரத்திலும் அவர்களுக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் புறப்பட்டோம். என்னைப் பின்னால் ஏற்றிவிட்டு, கணவரை முன் இருக்கையில் இருக்கச் சொன்னார் அந்த அம்மா. முதல் ஒரு மணித்தியாலம் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பெரிய வீதிக்கு ஏறியதும், தன் கணவர் எந்த இடத்தில் பாடுவார், எந்த இடத்தில் நித்திரையாவார் என்று சொல்லத் தொடங்கினார். இந்தியானாபொலிஸில் பெற்றோல் அடித்தோம். சின்சினாட்டியில் பின்னேரம் நின்றோம். ஆற்றங்கரை, நீலப் பாலம், மலைமேல் வீடுகள். அங்கே ஒவ்வொரு முறையும் தானும் கணவரும் சாப்பிடும் கடை என்று ஓரிடத்துக்குக் கூட்டிப் போனார். தட்டில் ஸ்பகெட்டி. அதற்கு மேல் குழம்பு மாதிரி அரைத்த இறைச்சி. அதற்கு மேல் மலைபோலச் சீஸ்.

இத்தாலியச் சமையலில் முடி நரைத்த மனிதர் என் கணவர். தட்டைப் பார்த்த பார்வையில், எங்கே எழும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் வைத்தார்.

"இதுக்குள்ளை கறுவா போட்டிருக்கினம்" என்றார்.

"நல்லாயில்லையே?"

"இத்தாலிக்காரன் கண்டால் அழுவான். எனக்கு நல்லாத்தான் கிடக்கு."

தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். இருக்கிற ஆங்கிலத்தில், அவருக்குப் பிடித்திருக்கிறது என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் கணவருக்கும் இது பிடிக்கும், வேறு யாருக்கும் பிடிப்பதில்லை என்றார்.

அன்றிரவே அந்தப் பல்கலைக்கழக ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை ஆட்டம். அந்த ஊரில் எல்லாம் நீலம். நாங்கள் மூவரும் கருஞ்சிவப்பில் போய் ஒரு மூலையில் இருந்தோம். பீரங்கி மைதானத்தின் ஒரு கோடியில் சில்லு வைத்த வண்டியில் நின்றது. கணவர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அந்த அம்மா. பந்து எங்கள் பக்கக் கோட்டை நோக்கி நகரும்போதெல்லாம் அவர் என் கையைப் பிடிப்பார். "மறியுங்கோடா, மறியுங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். எங்கள் ஆள் ஒருவர் பந்தைப் பறித்தபோது எழும்பி நின்று கைதட்டினார். முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர் ஆதரவாளர்கள் திரும்பி அவர் தோளில் தட்டினார்கள். இப்படியொரு விசுவாசமான ரசிகர் பாரிஸிலிருந்து வந்திருக்கிறாரே என்று அவர்களுக்குப் பெருமை.

முதல் வெடி விழுந்தபோது அவர் உடம்பு துள்ளியது. கண் மூடிக்கொண்டது. எங்கள் இருவர் கையும் அவர் கைக்குள் இருந்தன. விரல் நொந்தது. நான் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். புகை கலைந்துகொண்டிருந்தது.

"இருக்கிறியளே, போவமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் பிள்ளை வரேல்லையே" என்றார்.

இடைவேளை வந்தது. கருஞ்சிவப்பு வரிசைகள் புல்லுக்கு இறங்கின. எங்கே நிற்பேன் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனால் எனக்கு அந்தக் கோடுகள் ஒன்றும் பிடிபடவில்லை. கணவர் கையை நீட்டினார்.

"அந்தா. அங்கை."

"எப்பிடித் தெரியும்?"

"நடையைப் பாரும். பெட்டியைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் கொஞ்சம் பதிஞ்சு போச்சு."

பார்த்தேன். அவள்தான். வரிசை விரிந்து வட்டமாகி, வட்டம் உடைந்து நட்சத்திரமானது. அத்தனை பித்தளைக் குழாய்களும் ஒன்றாக வெயிலில் நீண்டு சுருங்கின. இடையில் ஒரு திருப்பத்தில் அவள் அரை அடி பிந்தி, ஓடிப்போய் இடத்தைப் பிடித்தாள். வாசித்து முடியும்வரை கணவர் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார். கண் துடைக்கவும் இல்லை. நீர் கன்னத்தால் வழிந்து சேர்ட்டில் விழுந்தது. அந்த அம்மா மைதானத்தைப் பார்த்தபடியே ஒரு கடதாசிக் கைக்குட்டையை நீட்டினார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

எங்கள் அணி தோற்றது. நன்றாகவே தோற்றது. பீரங்கி பலமுறை வெடித்தது. கடைசி வெடிகளுக்கும் அவர் கண் மூடியது. ஆனால் இருந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை.

வாத்தியக் குழுவின் பஸ்கள் நின்ற இடத்துக்குப் போனோம். புறப்படக் கொஞ்ச நேரமே இருந்தது. மகள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். எங்களைப் பார்த்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள் என்று நினைக்கிறேன்.

"நட்சத்திரம் வாறதுக்கு முதல், திரும்பேக்கை பிந்திப்போனாய்" என்றார் கணவர்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேனே என்றாள். எங்கள் பொறுப்பாளர்கூடப் பார்க்கவில்லை.

"நான் பார்த்தனான்" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையாட்டினாள். பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை அவரும் கையாட்டினார்.

நாங்கள் பாரிசுக்குத் திரும்பினோம். அவள் அடுத்த கோடையில் வந்தாள். இப்போது ஆர்ஜொந்தெய்யில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். தகப்பனும் மகளும் குசினியில் நின்று கதைப்பார்கள். ஊரைப் பற்றி அவள் கேட்பாள், அவர் சொல்வார். சொல்ல விருப்பமில்லாத நாளில் வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளி வெட்டச் சொல்வார். அவளும் வெட்டுவாள்.

அந்த அமெரிக்க அம்மா அடுத்த வருடமும் வெளியூர் ஆட்டங்களுக்குப் போனார், மாடியில் புதிதாக வந்த ஒரு கொரிய மாணவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. போகிற இடங்களிலிருந்து படம் அனுப்புவார். பெற்றோல் நிலையம், ஆறு, ஒரு தட்டுச் சாப்பாடு. நாங்கள் லா சப்பலில் இருந்து அவருக்கு ஒரு சேலை அனுப்பினோம், கருஞ்சிவப்பு நிறத்தில். கட்டத் தெரியாது, ஆனால் மைதானத்துக்குப் போகும்போது கழுத்தில் சுற்றிக்கொள்கிறேன், நல்ல சூடாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.